உப்புத் தண்ணீர் ஊரில் வெள்ளை ஷூ

வெள்ளைச் சீருடை நாளான இந்தப் புதன்கிழமை காலை மகளின் கேன்வாஸ் ஷூவை எடுத்துத் திண்ணையில் வைத்தேன். வெயில் பட்டும் வெள்ளையாகவே இருந்தது. தொடர்ந்து மூன்றாவது வாரமாக இப்படி. ஜூனில் வாங்கிய ஷூ இது. ஆகஸ்டுக்குள் பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. அதைத் திரும்ப வெளுக்க வைக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் செய்த தவறுகளையும் கடைசியில் பிடிபட்ட முறையையும் அப்படியே எழுதி வைக்கிறேன். நம் கடற்கரைப் பக்கம் வெள்ளைச் சீருடை நாளில் பிள்ளைகளை அனுப்பும் யாருக்காவது உதவும்.

எங்கள் ஊர் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில். கொல்லையில் 40 அடியில் போர் போட்டோம், தண்ணீர் வந்தது. குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்க, சமைக்க காவிரித் தண்ணீர், குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள். வராத வாரம் டிராக்டரில் குடம் 10 ரூபாய். ஆகவே வீட்டில் நல்ல தண்ணி வேறு, உப்புத் தண்ணி வேறு. துணி துவைப்பது முழுக்க உப்புத் தண்ணியில்தான். ஷூவையும் அதில்தான் துவைத்தேன். நல்ல தண்ணியில் ஷூ கழுவலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாத் தவறுக்கும் அடித்தளம் அதுதான், ஆனால் அது தெரியவந்தது கடைசியில்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். வாரத்தில் ஒரு நாள் மாலை ஒரு வாளி போர் தண்ணீர், இரண்டு கைப்பிடி சோப்புத் தூள், துணி துவைக்கும் பிரஷ். நுரையே வராது, அதனால் இன்னும் ஒரு கைப்பிடி போடுவேன். நன்றாகத் தேய்த்து, இரண்டு முறை அலசி, மறுநாள் காலை மொட்டை மாடியில் நல்ல வெயிலில். ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று இருக்கும். காய்ந்தபின் விரல் நுனிப் பக்கம் ஒரு மஞ்சள் கோடு, கடல் அலை மணலில் விட்டுப்போன கோடு மாதிரி வளைந்து வளைந்து. அதற்கு மேல் மாவு தூவியது போல ஒரு வெள்ளைப் படிவு. தட்டினால் உதிரும், ஆனால் சாயங்காலம் தொட்டால் ஷூ பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில் சாலைத் தூசி ஒட்டி, இரண்டே நாளில் பழைய நிறம். ஆறு வாரம் இப்படியே போனது. ஆறாவது வாரம் வலது ஷூவின் ரப்பர் விளிம்பு ஓரிடத்தில் பசை விட்டு எழும்பிவிட்டது. உச்சி வெயிலில் காயப்போட்டதன் விளைவு. கீழக்கரையில் செருப்பு தைப்பவரிடம் 40 ரூபாய் கொடுத்து ஒட்டினோம். பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்ததில் முன்பக்கத் துணியிலும் பிசிறு எழுந்துவிட்டது. அந்தப் பிசிறு இன்றைக்கும் இருக்கிறது, அது போகாது.

அடுத்து பிளீச்சிங் பவுடர். தொட்டிக்குப் போடும் தூள் வீட்டில் இருந்தது. அரை வாளி தண்ணீரில் ஒரு ஸ்பூன் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்தேன். இதுதான் நான் செய்ததிலேயே பெரிய தவறு. நான் தையல் வேலை செய்கிறவள், துணியைப் பார்த்தால் தெரியும். ஷூவின் துணி பருத்தி, அது ஓரளவு வெளுத்தது. ஆனால் அதைத் தைத்திருக்கும் நூல் நைலான். அந்தத் தையல் முழுக்க மஞ்சளாகிவிட்டது. வெள்ளைத் துணியின் மேல் மஞ்சள் நூலால் வேலைப்பாடு போட்டது போல ஆகிவிட்டது. ரப்பர் விளிம்பும் வெண்ணெய் நிறத்துக்குப் போனது. லேஸ் கோர்க்கும் இரும்பு வளையங்களில் இரண்டு நாளில் துரு. ஒவ்வொரு வளையத்தைச் சுற்றியும் காப்பிக் கறை போல ஒரு வட்டம். கடல் காற்றுக்கே துருப்பிடிக்கிற வளையம், அதன்மேல் குளோரினும் சேர்ந்தால் என்ன ஆகும்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிளீச்சிங் பவுடரோ பிளீச்சோ போட்ட வாளியில் வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் ஆசிட் எதையும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைத்துவிடும். பின்னால் நான் வினிகர் பயன்படுத்துவதைச் சொல்லப் போகிறேன், அதனால் இதை முன்கூட்டியே சொல்கிறேன்.

அக்டோபரில் மழை தொடங்கியதும் கடையில் கிடைக்கும் வெள்ளை பாலிஷ் வாங்கினேன், 65 ரூபாய். பஞ்சு மூடியால் தடவினால் ஐந்து நிமிடத்தில் புதுசு மாதிரி ஆகிவிடும். ஆனால் அது ஒரு பூச்சுதான். கால் மடங்குகிற இடத்தில் வெடித்து, பனியிலும் தூறலிலும் கரைந்து, சாக்ஸிலும் சீருடைப் பாவாடையின் விளிம்பிலும் ஒட்டிக்கொண்டது. அவசரத்துக்கு ஒரு நாள் உதவும். வாராவாரம் பூசினால் துணியின் கண்களெல்லாம் அடைபட்டு, அடுத்த முறை துவைக்கும்போது சுண்ணாம்பு மாதிரி கரைந்து வரும்.

டிசம்பரில் கஞ்சி. என் மாமியார் வேட்டிக்குக் கஞ்சி போடுவதில் கைதேர்ந்தவர். கஞ்சி போட்ட துணியில் அழுக்கு மேலாகவே நிற்கும், துவைத்தால் கஞ்சியோடு போய்விடும் என்று எனக்குப் பட்டது. எண்ணம் சரிதான், காலம் தப்பு. மழைக்காலத்தில் காயாத ஷூவுக்குள் கஞ்சி இருந்தால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? நான்கு நாளில் நாக்குத் துணியின் உள்பக்கம் மிளகு தூவியது போல கருப்புப் புள்ளிகள். அவற்றில் இரண்டு இன்னும் போகவில்லை. உள்பக்கம் என்பதால் விட்டுவிட்டேன்.

வழி கிடைத்தது மாமியாரிடமிருந்துதான். பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரு நாள் சாயங்காலம் அவர் காரல் கருவாடு காயவைத்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைத் தொட்டுப் பார்த்தேன். பகல் முழுக்கக் காய்ந்த ஷூ, ஆறு மணிக்கு மறுபடி ஈரம்.

“அத்தை, இது காயவே மாட்டேங்குது.”

அவர் ஷூவைக் கையில் வாங்கி, அந்த வெள்ளைப் படிவை விரலால் வழித்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

“உப்புல்ல இருக்கு. உப்பு கிடந்தா காயுமாத்தா? பனி விழுந்தா கருவாடு கசியல? அது மாதிரிதான்.”

நானும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. ஆறு மாதம் நான் சோப்புத் தூள் மிச்சம் என்று நினைத்துத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது உப்பு. போர் தண்ணீரில் ஒவ்வொரு முறை அலசும்போதும் துணிக்குள் உப்பை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர்விடுவது நமக்கெல்லாம் தெரியும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் அதற்கு முன்பே இழுக்கும். எங்கள் ஊரில் இரவு முழுக்க அந்த ஈரம் இருக்கும். ஷூ எப்படிக் காயும்?

சந்தேகம் தீர அளந்து பார்த்துவிட்டேன். ஆர்ஓ மெஷின் சர்வீஸ் பண்ணும் தம்பி ஒருவர் தெருவுக்கு வருவார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை அவரிடம் ஒரு நாள் இரவல் கேட்டேன். “ஷூவுக்கா அக்கா?” என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். போர் தண்ணீர் 4,200. குழாயில் வந்த காவிரித் தண்ணீர் 310. டிசம்பரில் டிரம்மில் பிடித்து மூடி வைத்த மழைத் தண்ணீர் 40. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. எங்கள் போர் அதற்கும் இரண்டு மடங்குக்கு மேல்.

அன்றைக்கே நல்ல தண்ணியில் துவைக்கத் தொடங்கினேன். ஆனால் எவ்வளவு தண்ணீர்? குடம் 10 ரூபாய்க்கு வாங்கும் வீட்டில் ஷூவுக்கு இரண்டு குடம் கொட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு அலசலிலும் மீட்டரை விட்டுப் பார்த்தேன். ஒன்றரை லிட்டர் கொள்ளும் சின்ன பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஜோடி ஷூ. முதல் அலசல் தண்ணீர் 1,180 காட்டியது. இரண்டாவது 460. மூன்றாவது 335. நான்காவது போட்டாலும் பெரிதாக இறங்கப் போவதில்லை, தண்ணீரே 310 தானே. ஆக மூன்று போதும். இதில் முக்கியம் பிழிவது. ஒவ்வொரு அலசலுக்கும் நடுவில் ஷூவைப் பழைய துண்டில் சுற்றி, முழங்கையால் அழுத்தி, உள்ளிருக்கும் தண்ணீரை எடுத்துவிட வேண்டும். ஒரு முறை பிழியாமல் அலசிப் பார்த்தேன், மூன்றாவது அலசலிலும் 700க்கு மேல் நின்றது.

இப்போது செய்யும் முறை இதுதான். வெள்ளிக்கிழமை மாலை ஷூ வீட்டுக்கு வந்ததும் லேஸைக் கழற்றிவிடுவேன். உள்ளே இருக்கும் அட்டையையும் எடுத்துவிட வேண்டும், வியர்வை முழுக்க அதில்தான் இருக்கும். காய்ந்த மணலையும் சேற்றையும் ஈரம் படாமல் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிடுவேன். ஈரமாக்கிவிட்டால் அந்தச் சேறு துணிக்குள் இறங்கிவிடும்.

அப்புறம் ரப்பர் விளிம்பு. சமையல் சோடா இரண்டு ஸ்பூன், மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு ஸ்பூன். பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும், 6 சதவீதம். தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் ரப்பரில் மட்டும் தடவி, மேலே பிளாஸ்டிக் கவரைச் சுற்றி அரை மணி நேரம் இளவெயிலில் வைத்தால் போதும். கவர் சுற்றாமல் வைத்தால் பத்து நிமிடத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும், வேலை நடக்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை வெறும் கையால் செய்தேன், விரல் நுனி வெளுத்து ஒரு மணி நேரம் எரிந்தது. குழந்தைகள் எடுக்காத இடத்தில் பாட்டிலை வைக்க வேண்டும். பிளீச்சிங்கால் வெண்ணெய் நிறமான என் ரப்பர் மூன்று வாரத்தில் முக்கால்வாசி திரும்பியது. முழுசாக இல்லை.

துருக் கறைக்கு எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்க்காமல். எல்லோரும் உப்பும் எலுமிச்சையும் என்பார்கள். உப்பை வெளியேற்றத்தானே இவ்வளவு பாடு, அதனால் நான் சேர்க்கவில்லை. பஞ்சில் நனைத்து வளையத்தைச் சுற்றி 20 நிமிடம், பிறகு நல்ல தண்ணியில் துடைப்பு. மூன்று வாரம் தொடர்ந்து செய்ததில் வட்டங்கள் வெளிர்ந்துவிட்டன. துரு திரும்ப வராமல் இருக்க, ஷூ முழுக்கக் காய்ந்த ஒரு நாளில் வளையங்களுக்கு நிறமில்லாத நகப்பாலிஷ் இரண்டு கோட் போட்டேன். இது பிரமாதமாக வேலை செய்கிறது. 14 வளையம், பத்து நிமிட வேலை.

துணிக்கு, ஒன்றரை லிட்டர் நல்ல தண்ணியில் திரவ சோப்பு ஒரு மூடி. தூள் வேண்டாம், கரையாத குருணை துணியில் தங்கிவிடுகிறது. டூத்பிரஷ்ஷால் சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல். லேஸை ஒரு தண்ணீர் பாட்டிலில் வெந்நீரும் சோப்பும் விட்டுப் போட்டு, மகள் கையில் கொடுத்துவிட்டால் குலுக்கிக்கொண்டே இருப்பாள், சுத்தமாகிவிடும். பிறகு மூன்று அலசல். இரண்டாவது அலசலில் மட்டும் வெள்ளை வினிகர் இரண்டு ஸ்பூன். சோப்பின் காரம் துணியில் தங்கினால் காயும்போது மஞ்சளாகிறது, அதை வினிகர் எடுத்துவிடுகிறது. மூன்றாவது அலசலில் சொட்டு நீலம் இரண்டே சொட்டு, தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகு ஷூவை விட வேண்டும். ஒரு முறை ஷூவை உள்ளே வைத்துவிட்டு நீலத்தை மேலே விட்டேன். இடது ஷூவில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு நீலத் திட்டு, மறுபடி முதலிலிருந்து துவைக்க வேண்டியதாயிற்று. மொத்தம் ஆறு லிட்டர், அரைக் குடத்துக்கும் குறைவு. அலசிய தண்ணீர் கழிவறைக்குப் போகிறது.

காயவைப்பதில்தான் மிச்சப் பாதி இருக்கிறது. பழைய வெள்ளை வேட்டித் துணியை உள்ளே திணித்து வடிவம் கொடுப்பேன். செய்தித்தாள் திணித்த ஒரு முறை மை இறங்கிவிட்டது. வெளியே முழுக்க டிஷ்யூ பேப்பரை ஈரத்தோடு ஒட்டி, சுருக்கம் இல்லாமல் இரண்டு சுற்று. காயும்போது தண்ணீர் வெளிப்பக்கம் நோக்கித்தான் நகரும். போகிற வழியில் மிச்ச அழுக்கையும் இழுத்துக்கொண்டு கடைசியாகக் காயும் இடத்தில் விட்டுவிட்டுப் போகும். முன்பு அது ஷூவின் முனையில் மஞ்சள் கோடாக நின்றது. இப்போது டிஷ்யூவில் நிற்கிறது. முதல் தடவை மறுநாள் காலை அந்தப் பேப்பரை உரித்தபோது விரல் முனைப் பக்கம் அதே வளைந்த கோடு, டீத்தண்ணீர் நிறத்தில், பேப்பரில் இருந்தது. கீழே துணி வெள்ளை. அந்தப் பேப்பரை மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மாடி வேண்டாம். வெயிலும் அதிகம், கடல் காற்றில் உப்பும் வரும். ஹாலில் மின்விசிறிக்குக் கீழே ஒரு கம்பி அடுக்கில் வைத்தால் இரவோடு காய்ந்துவிடுகிறது, சுமார் 10 மணி நேரம். காய்ந்ததும் மூடி உள்ள டப்பாவில், மாத்திரை டப்பாக்களிலும் புது ஷூ பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஐந்தாறோடு போட்டு வைக்கிறேன். புதன் காலை எடுத்தால் மொடமொடவென்று இருக்கிறது.

செலவு: சமையல் சோடா 20, பெராக்சைடு 30, வினிகர் 45, டிஷ்யூ ரோல் 35, நகப்பாலிஷ் 40, சொட்டு நீலம் 15, புது லேஸ் 25. ஆக 210 ரூபாய், இதில் டிஷ்யூ தவிர எல்லாம் இன்னும் இரண்டு மாதம் வரும். வீணானது வெள்ளை பாலிஷ் 65, ஒட்டிய கூலி 40, அளவில்லாமல் கொட்டிய சோப்புத் தூள்.

ஷூ கடையிலிருந்து வந்த நாள் மாதிரி ஆகவில்லை. தையல் நூலின் மஞ்சள் பாதிதான் குறைந்தது, முன்பக்கப் பிசிறு அப்படியே. ஆனால் பத்தடி தள்ளி நின்றால் வெள்ளை ஷூ. ஜனவரி 26 அணிவகுப்பில் மகள் இரண்டாவது வரிசையில் நடந்தாள், நான் மைதானத்தின் இந்தப் பக்கம் நின்று அவள் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஜூனில் வாங்கும் ஷூவுக்கு முதல் நாளே வளையங்களில் நகப்பாலிஷ் போட்டுவிடுவேன், ஒரு முறைகூட போர் தண்ணீரில் நனைக்க மாட்டேன். முடிந்தால் இரும்பு வளையம் இல்லாத, துணியிலேயே ஓட்டை தைத்த ஷூவாகத் தேடப்போகிறேன். அப்புறம் மழைத் தண்ணீர். இந்த டிசம்பரில் பிடித்தது ஒரே டிரம், அதுவும் பாதி. வரும் ஐப்பசிக்குள் கூரைத் தகரத்தின் ஓரத்தில் ஒரு பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்துக் கட்டி, 200 லிட்டர் டிரம் இரண்டுக்கு விட வேண்டும். கடைசி அலசலுக்கு 40 காட்டுகிற அந்தத் தண்ணீர் கிடைத்தால் வினிகரையும் நீலத்தையும் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நாத்தனார் மகனின் ஷூவும் இப்போது இங்கேதான் வந்து கிடக்கிறது. அது ரெக்ஸின், கேன்வாஸ் இல்லை. அதற்கு இந்த முறை அப்படியே ஒத்துவருமா என்று இந்த வெள்ளிக்கிழமை ஒரு ஓரத்தில் மட்டும் தடவிப் பார்க்க வேண்டும்.